சிக்பேட்டையில் ஒரு தலையணை உறை, அல்சூருக்கு ஒரு கடிதம்

முதலில் ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் ஆறவில்லை. வேலூரில் ஏறிய தனியார் பஸ்ஸில் என் சீட் சாயவே இல்லை. முதுகு விறைத்துப்போய் விடியற்காலை நாலரை மணிக்குப் பெங்களூர் மடிவாளாவில் இறங்கினால், சிக்பேட்டைக்கு ஆட்டோக்காரர் 500 ரூபாய் கேட்கிறார். "அண்ணே, நியாயமா கேளுங்க" என்றதற்கு, "ஞாயித்துக்கெழம தம்பி, வேற வண்டி வராது" என்றார். 350-க்கு ஒத்துக்கொண்டேன். கையில் இருந்தது மொத்தமே 3,000. சந்தையில் கால் வைப்பதற்குள் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அக்கிரமம்.

சிக்பேட்டை ஞாயிறு சந்தைக்கு இருட்டோடு போய்விட வேண்டும். நல்ல சரக்கு டார்ச் வெளிச்சத்திலேயே கைமாறிவிடும். நான் தேடுவது இரண்டாம் உலகப் போர்க்கால ஞாபகப் பொருட்கள். பாட்டியின் அண்ணன் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர், ராணுவத்தின் பொறியாளர் படை அது, 'தம்பிப் பட்டாளம்' என்றும் சொல்வார்கள். எகிப்திலிருந்து அவர் அனுப்பிய தலையணை உறை எங்கள் வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. கூட வந்த கடிதங்கள் மட்டும் அடுப்புக்குப் போயின. அவர் படையின் எந்தக் கம்பெனி, எங்கெல்லாம் போனார் என்று சொல்ல இன்று வீட்டில் ஆளில்லை.

சந்தையில் அதே மாதிரி தலையணை உறை ஒன்று கண்ணில் பட்டதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கறுப்புத் துணி, மஞ்சள் நூலில் பிரமிடு, ஒட்டகம், பேரீச்சை மரம், கீழே 'சுவெனீர் ஆஃப் ஈஜிப்ட்'. விலை 2,500. அதோடு ஒரே டிரங்குப் பெட்டியில் வந்த கடித உறையைக் கடைக்காரர் தனியாக எடுத்து, பழைய தபால்தலைக் குவியலில் போட்டிருந்தார். அதற்கு 400.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. துணியையும் தாளையும் பிரித்து விற்காதீர்கள்! எகிப்துக்குப் போன எல்லாப் படைக்காரர்களும் அந்தத் துணியை வாங்கினார்கள், அதை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. ஆளின் அடையாளம் இருப்பது கடித உறையில்தான். தபால்தலை இருக்காது, அந்த இடத்தில் 'ஆன் ஆக்டிவ் சர்வீஸ்' என்று எழுதியிருக்கும். ஊர் பெயர் எழுதக்கூடாது, சென்சார் விடமாட்டார். ஆனால் வட்ட முத்திரையில் களத் தபால் நிலையத்தின் எண் இருக்கும். படை நகர்ந்தால் அந்தத் தபால் நிலையமும் கூடவே நகரும். எந்த எண் எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்று தபால் சேகரிப்பாளர்கள் பட்டியலே போட்டிருக்கிறார்கள். உறை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

துணியை விட்டுவிட்டேன், மனசு கேட்கவில்லைதான். கடித உறையை 300-க்கு வாங்கினேன். 1943 செப்டம்பர். அனுப்பியவர் 12-வது ஃபீல்டு கம்பெனி, மெட்ராஸ் சாப்பர்ஸ், நாலாவது இந்திய டிவிஷன். பெயரை இங்கே எழுதமாட்டேன், முதலில் அவர் குடும்பம் கிடைக்கட்டும். இதே டிவிஷனின் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனியில் இருந்தவர்தான் காஞ்சிபுரம் பக்கத்து சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடிமேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது நேரடியாக வழங்கப்பட்ட முதல் இந்தியர். அதே மாதம் அந்த டிவிஷன் இத்தாலியின் காசினோ மலையடிப் போரில் செத்துக்கொண்டிருந்தது. என் உறைக்காரர் என்ன ஆனார்?

டீக்கடையில் நின்றபடியே போனில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலைத் தேடினேன். நம் ஆட்களுக்குப் பெயரை வைத்துத் தேடுவது வீண், ஒரே பெயரில் ஏகப்பட்ட பேர் வருவார்கள். ராணுவத்தில் அவரவருக்குத் தந்த படை எண்ணைப் போட வேண்டும். போட்டேன். இல்லை. இன்னொரு தடவை போட்டேன். இல்லை! அது இறந்தவர்களின் பட்டியல். டீ ஆறியதே தெரியவில்லை.

உறையின் விலாசம் அல்சூர். மெட்ரோவில் மெஜஸ்டிக் போய் மாறி ஹலசூரு (அல்சூர்தான்) ஸ்டேஷனில் இறங்கினேன். தெருப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. பசி வேறு. சந்துக்குள் ஓர் அம்மா நடத்தும் மெஸ்ஸில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் 110 ரூபாய். மிளகும் தேங்காய்ப்பாலும் சரியாகக் கூடி, எலும்பிலிருந்து சதை தானாகக் கழன்றது. பெங்களூரில் இதுவரை நான் சாப்பிட்டதில் இதற்கு மேல் ஒன்றில்லை. இரண்டாவது கிண்ணம் அவரே ஊற்றினார், காசு வாங்கவில்லை.

சாப்பர்ஸ் மியூசியமும் இந்த ஊரில்தான். ராணுவ வளாகம் என்பதால் முன் அனுமதி வேண்டும். அடுத்த தடவை எழுதிக் கேட்டுவிட்டுப் போவேன்.

கை கழுவிவிட்டு உறையை அந்த அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தத் தெரு இப்ப வேற பேருப்பா. எங்க மாமனாரும் தம்பிப் பட்டாளம்தான். ஒட்டகம் போட்ட தலகாணி உறை எங்க வீட்லயும் இருந்துச்சு, பாத்திரக்காரன்கிட்ட போட்டு ஒரு குண்டான் வாங்கினேன்."

"கடுதாசி ஏதாவது இருக்குங்களாம்மா?"

"பரண்ல ஒரு பெட்டி இருக்கு. மகன் வந்தாத்தான் எறக்கணும். அடுத்த மாசம் வாயேன்."

இன்று ஊர் திரும்ப பஸ்ஸுக்குப் பணத்தை எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு வருவேன், ரயிலில்.