பூங்காவில் போய் முனைவர் பட்டமா என்று கேட்பவர்களுக்கு

எங்கள் மண்டபம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகள் எம்.எஸ்சி. தாவரவியல் முடித்ததும் ஒருமுறையாவது எனக்கு எழுதிவிடுகிறார்கள். "அக்கா, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காததால்தான் பூங்காவுக்குப் போனீர்களா?" என்று நேராகவே கேட்டவனும் உண்டு. அவன் உருப்படுவான். அவனுக்கும், சுற்றி வளைத்துக் கேட்ட மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஊரில் பலருக்குப் பூங்கா என்றால் ஊட்டி மலர்க் கண்காட்சி. நான் இருக்கும் இடம் அந்த வகை அல்ல. மதுரை, தென்காசி, செங்கோட்டை என்று பஸ் மாறி, ஆரியங்காவும் தென்மலையும் குளத்துப்புழையும் தாண்டினால் பாலோடு. அங்கே கேரள அரசு 1979-ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், சுமார் 300 ஏக்கரில் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கான பதிவு பல்கலைக்கழகத்தில், ஆய்வு வேலை பூங்காவில். மழை நம் ஊர்க்காரர்களைக் கொஞ்சம் மிரட்டும். அட்டை கடிக்கும், உப்பு வைத்தால் விட்டுவிடும். நம்மிடம் உப்புக்கா பஞ்சம்?

தேர்வு விவரத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வு உதவித்தொகைக்கு எழுதும் தேசியத் தகுதித் தேர்வு நெட். அதன் உயிர் அறிவியல் தாளுக்கு 200 மதிப்பெண். அதில் தாவர வகைப்பாடு ஊறுகாய் அளவுதான். மூலக்கூறு உயிரியலும் செல் உயிரியலும் படிக்காமல் தப்ப முடியாது. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. தேர்வுக்குப் படிக்கும்போதே, ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதிவிடுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள்.

இனி, ஏன் பூங்கா என்ற கேள்வி. என் ஆய்வு கடற்கரை மணல்வெளிச் செடிகளின் விதை உறக்கம் பற்றியது, அதாவது உயிருள்ள விதை முளைக்காமல் காத்துக் கிடப்பது. அடும்பு விதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காயில் நான்கு வரை இருக்கும். பழுப்பு நிறப் பூமயிர் போர்த்தியிருக்கும். மாதக்கணக்கில் கடலில் மிதந்தாலும் தோல் நீரை உள்ளே விடாது. ஈரத்தாளில் வைத்தாலும் அசையாமல் கிடக்கும். அதை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கரிய தோல் விலகி, வெளிறிய நிறம் ஒரு புள்ளி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் தேய்த்தால் முளை அடிபடும். பிறகு இரவு தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் பருத்துக் கிடக்கும்.

இந்த மாதிரி விதைகளை உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்துப் பல ஆண்டுகள் காக்கலாம். உப்பங்கழியில் வளரும் கண்டல் (மாங்குரோவ்) மரத்தின் விதையிடம் அது நடக்காது. மரத்தில் தொங்கும்போதே வளரத் தொடங்கிவிடும், உலர்த்தினால் செத்துவிடும், ஈரமாகவே வைத்தாலும் நீண்ட நாள் தாங்காது. பலா, மா, ரப்பர் எல்லாமே ஏறக்குறைய இந்தச் சாதிதான். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோன சுமார் 70,000 ரப்பர் விதைகளில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. இப்படிப்பட்டவற்றைப் புட்டியில் அடைத்துக் காப்பாற்ற முடியாது. நட்டு, நீர் ஊற்றி, உயிரோடு வைத்திருக்க வேண்டும். பூங்கா இருப்பதே அதற்குத்தான். பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஒரு செடியைப் பூத்த நேரத்தில் மட்டும் பார்த்தேன். இங்கே அது எப்போது தளிர்விடும், எந்தப் பூச்சி விழும், எந்த ஆண்டு பூக்காமல் ஏமாற்றும் என்று தோட்டப் பணியாளர் ஒருவர் சொல்லிவிடுவார். என் முதல் ஆசிரியர்கள் அவர்கள்தாம்.

ஹெர்பேரியம் வேலையும் உண்டு. செடியைச் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து, பலகையால் அழுத்தி, உலர்த்தி, அட்டையில் ஒட்டுவது. நம் கரையின் உமரிச் செடி இதில் பெரிய அழும்பு செய்யும். தண்டெல்லாம் நீர் கோத்திருப்பதால் பலகைக்குள் போன பிறகும் சாகாது. கடைசியில் கருகித் துண்டு துண்டாக உதிரும். கொதிநீரில் முக்கி எடுத்த பிறகே அழுத்த வேண்டும். இராவணன் மீசைப் புல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் முள் கையையும் செய்தித்தாளையும் சேர்த்துக் கிழிக்கும்.

ஒட்டிய அட்டையின் மூலையில் ஒரு சீட்டு: தாவரப் பெயர், இடம், தேதி, சேகரித்தவர், உள்ளூர்ப் பெயர், குறிப்பு. கடைசி இரண்டையும் வெற்றாக விட்டுவிடும் ஆய்வாளர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. செடியைக் காட்டிக்கொடுத்த ஆளிடம் பெயரைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

இதில் எனக்குச் சொந்தக் கணக்கும் உண்டு. அம்மா கடலில் இறங்கிப் பாசி எடுப்பவர். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள். நடுவில் போக மாட்டார்கள், பாசி வளர வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் பிடிக்கும், கட்டைக்கோரைப் பாசி எந்தக் காற்றில் கழியும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின. அம்மா சிறுவயதில் கஞ்சி காய்ச்சிக் குடித்த தீவில் இன்று அவர் கால் வைக்கக் கூடாது. நான் அனுமதிக் கடிதத்தோடு போய் இறங்குகிறேன். சட்டம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் படகில் ஏறும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

பாலோட்டில் புதிதாகச் சேருபவர்கள் எல்லாரும் கேட்கும் கதை ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் கதை. 1987-ல் அகத்திய மலையில் அறிவியலாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடி மக்கள் அதன் காயை மென்றுகொண்டே களைக்காமல் நடந்தார்கள். அந்தச் செடியிலிருந்து இந்த நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-ல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடு. பிறகு அதிலும் சிக்கல்கள் வந்தன. ஆனாலும் பங்கு கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அது பெரிது.

விடுமுறையில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். பாசியைக் காயப்போட்டுக்கொண்டே கேட்டவர், "மரிக்கொழுந்துக்கும் அப்படிப் பங்கு உண்டா?" என்றார்.

"அது என் ஆய்வுத் தலைப்பில் இல்லையம்மா."

"சரி, யார் தலைப்பில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்."