192.168.1.5 யாருடையது?

கீழமாசி வீதியில் மாமாவுக்கு மளிகை மொத்தக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்க்டாப், மாடியில் கணக்குப்பிள்ளைக்கு இன்னொன்று. பில் போடும் சாஃப்ட்வேரின் டேட்டா முழுக்கக் கீழே இருப்பதில்தான் கிடக்கிறது, மாடிக் கம்ப்யூட்டர் அதை 192.168.1.5 என்ற ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியை, வைத்துத் தேடிப் போகும். கரண்ட் போய் வந்தால் சில நாள் மாடியில் சர்வர் கிடைக்கவில்லை என்று காட்டும். உடனே எனக்கு போன். "மாப்ள, திரும்பப் படுத்துருச்சுப்பா."

ரவுட்டருக்குள் டிஹெச்சிபி என்று, இந்த எண்களைப் பங்கிடும் ஒன்று ஓடுகிறது. டவுன்ஹால் ரோடு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி, வருகிறவர்களுக்குக் காலி அறையின் சாவியை எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை, அதுவும் இத்தனை மணி நேரம் என்று கெடு வைத்து. நேற்று தங்கியவர் வந்து அதே அறையைக் கேட்டால் கொடுத்துவிடும். ஆனால் கரண்ட் போனதும் சின்ன ரவுட்டர்கள் பலவற்றுக்குப் பதிவேடே மறந்துவிடும், அப்போது கடைப் பையன்களின் போன் முந்திக்கொண்டால் 5 அங்கே போய்விடும்.

சரி, எண்ணைக் கம்ப்யூட்டரிலேயே ஸ்டேட்டிக்காக, அதாவது மாறாதபடி கையால், போட்டுவிடலாம் என்றேன். மாமா பதறிவிட்டார். "அதுக்கு மாசாமாசம் தனியாக் காசு கட்டணும்னு சொல்றாய்ங்களே?" அது வேறு. இன்டர்நெட் கம்பெனி காசு வாங்கிக்கொண்டு தருவது வெளி உலகத்துக்குத் தெரிகிற நிலையான ஐபி. 192.168-ல் தொடங்குபவை கடைக்குள், வீட்டுக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கி வைத்தவை, 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இன்டர்நெட் ஆவணத்திலேயே இருக்கிறது. பக்கத்துக் கடையிலும் ஒரு 192.168.1.5 இருக்கலாம், சண்டை வராது. பைசா செலவில்லை.

நெட்வொர்க் செட்டிங்கில் ஐபிவி4 ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து 192.168.1.5 என்று அடித்தேன். அடுத்த கட்டத்துக்குத் தாவியதும் சப்நெட் மாஸ்க்கில் 255.255.255.0 தானாக விழுந்தது. முதல் மூன்று எண்ணும் தெருப் பெயர், கடைசி எண் மட்டும் கதவு எண் என்று அதற்கு அர்த்தம். தெரு ஒன்றாக இருந்தால் நேராகப் போய்க் கதவைத் தட்டும், வேறு தெரு என்றால் கேட்வேயிடம், அதாவது 192.168.1.1 என்ற ரவுட்டரிடம், கொடுத்துவிடும். கேட்வேயையும் போட்டேன். டிஎன்எஸ் கட்டத்தைக் காலியாக விட்டு ஓகே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலமே போன். பில் ஓடுகிறது, ஜிஎஸ்டி சைட் மட்டும் திறக்கவில்லையாம். போனிலேயே கமாண்ட் ப்ராம்ப்டைத் திறக்கச் சொல்லி பிங் 8.8.8.8 அடிக்க வைத்தேன், வெளியே இருக்கும் கூகுள் சர்வரிலிருந்து பதில் வருகிறது. அப்போதுதான் உறைத்தது. நெட் இருக்கிறது, சைட்டின் பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிக் கொடுக்கிற டிஎன்எஸ் என்ற ஆள்தான் இல்லை. ஆட்டோமேட்டிக்கில் அதையும் ரவுட்டரே சொல்லிவிடும், கையால் போட்டால் நாம்தான் சொல்ல வேண்டும். காலியாக விட்ட டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்ற இரண்டு பொது டிஎன்எஸ்களையும் போடச் சொன்னேன்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் காலையில் கல்லா கம்ப்யூட்டரில் ஐபி கான்ஃப்ளிக்ட் என்று மெசேஜ், அதாவது ஒரே எண்ணை இன்னொன்றும் வைத்திருக்கிறது. இப்போதைய எண்ணைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கமாண்டை அடித்தால் 169.254-ல் தொடங்கும் ஓர் எண். அந்த எண் வந்தாலே கம்ப்யூட்டருக்கு முறையான முகவரி இல்லை, தானே ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். நான் செய்த மடத்தனம் என்னவென்றால், லாட்ஜின் 5ஆம் நம்பர் அறையில் என் பெயர்ப்பலகையை மாட்டியதோடு சரி, ரிசப்ஷனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்ப்யூட்டர் இரவு அணைந்து கிடந்த நேரத்தில் ரவுட்டர் பாட்டுக்கு 5-ஐ ஒரு போனுக்குக் கொடுத்துவிட்டது. இன்டர்நெட்டில் ஸ்டேட்டிக் ஐபி பற்றி எழுதுகிற பலர் இந்த ஓர் இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை.

ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால் பூல், அதாவது அது எடுத்துக் கொடுக்கும் கடைசி எண்கள், 2-லிருந்து 254 வரை. தெரு முழுக்க லாட்ஜ்! அதை 100-லிருந்து 200 என்று சுருக்கினேன். அதற்கு வெளியே கம்ப்யூட்டருக்கு 10, பிரின்டருக்கு 11, மாடியில் தேடுகிற எண்ணையும் 10 என்று மாற்றியாயிற்று.

கம்ப்யூட்டரை ஆட்டோமேட்டிக்கிலேயே விட்டுவிட்டு, அதன் மேக் அட்ரஸுக்கு, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணுக்கு, இந்த ஐபி எண்தான் என்று ரவுட்டரிலேயே ரிசர்வ் செய்யவும் வழி இருக்கிறது. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் தூக்கிக்கொண்டு அலைகிற லேப்டாப்புக்கு அதுதான் சரி, கையால் போட்ட எண்ணோடு வேறு இடத்து வைஃபைக்குப் போனால் அநேகமாக நெட் வராது. இடத்தை விட்டு நகராத கல்லா கம்ப்யூட்டருக்கு நான் கையாலேயே போட்டேன், ஏனென்றால் ரிப்பேருக்கு வருகிறவர் ரவுட்டரை ரீசெட் செய்துவிட்டுப் போனால் ரிசர்வ் செய்ததெல்லாம் அதோடு போகும். பூலும் பழையபடி 2-க்கே வந்துவிடும்தான். அதனால் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லா எண்ணையும் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்த வாரம் சிசிடிவி பெட்டி வருகிறதாம். அதற்கு 12.