‘கன்டினியூவேஷன்’ யாருடையது?

நேற்று ஆபீஸில் ஜூனியர் பையனுக்கு புரோகிராமிங்கில் வரும் ‘கால்பேக்’ என்ற உத்தியை விளக்கிக்கொண்டிருந்தேன். “வேலை முடிந்ததும் எங்கே போகணும் என்பதையும் சேர்த்தே அனுப்பிவிடு.” அவன் கேட்டான்: “இதை முதலில் யார் சார் யோசிச்சது?”

சரியான கேள்வி. ஆளைச் சொல்வதுதான் கஷ்டம்.

1964 செப்டம்பரில் வியன்னா பக்கத்தில் பாடனில் நடந்த கணினி மொழிகள் மாநாட்டில், வான் வைங்கார்டன் என்ற கணினி விஞ்ஞானி ‘கோட்டூ’வை (புரோகிராமில் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை) ஒழிக்க ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு புரொசீஜருக்கும் (புரோகிராமின் ஒரு வேலைப் பகுதி) அனுப்பும் தகவல்களோடு கூடுதலாக ஒரு பாராமீட்டர். ‘அப்புறம் என்ன செய்யணும்’ என்பதே அது! என் கால்பேக்கும் அதேதான். மற்றவர்கள் அதைக் கையில் எடுக்கவில்லை. அப்புறம் ஆளாளுக்குத் தனித்தனியாக அதையே கண்டுபிடித்தார்கள்: மசுர்கீவிச், லாக்வுட் மாரிஸ், ஃபிஷர், அப்தாலி... இந்த ‘அப்புறம் என்ன’ என்பதற்கு ‘கன்டினியூவேஷன்’ (தொடர்ச்சி) என்று பெயர் வைத்தது வாட்ஸ்வர்த். ஸ்ட்ரேச்சியும் அவரும் சேர்ந்து எழுதிய அறிக்கை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 1974இல் வந்தது. இத்தனைக்கும் பாடன் மாநாட்டில் ஸ்ட்ரேச்சியும் இருந்தார்!

1993இல் ஜான் ரெனால்ட்ஸ் என்ற கணினி விஞ்ஞானி உட்கார்ந்து இந்த வரலாறு முழுவதையும் தோண்டி எழுதினார். தலைப்பிலேயே ‘கண்டுபிடிப்புகள்’ என்று பன்மை போட்டிருப்பார். எனக்கு அந்தப் பன்மை ரொம்பப் பிடிக்கும். 1972இல் அவரே இதை வைத்து அருமையான கட்டுரை எழுதியவர். ‘என்னுடையது’ என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். அவரோ தன்னையும் அந்த வரிசையில் ஒருவராக நிறுத்திக்கொண்டு, வான் வைங்கார்டனை முன்னால் வைத்தார்.

பையனிடம் இவ்வளவும் சொன்னேன். “அப்போ பரீட்சையில கேட்டா யார் பேர் சார் எழுதறது?” என்றான்.