வெளுத்த பம்பரும் விடாத சிலிக்கோனும்

என்னுடையது 2005 மாடல் மாருதி 800. பெயிண்ட் இன்னும் பரவாயில்லை, இன்ஜினும் குறை வைக்கவில்லை, கறுப்பு பிளாஸ்டிக் பம்பர்தான் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அடுப்புச் சாம்பலைக் கரைத்துப் பூசிய மாதிரி ஒரு நிறம். மதுரை வெயிலில் வருடக்கணக்கில் தெருவிலேயே நின்ற வண்டி, வேறு எப்படி இருக்கும்? விரலால் தேய்த்தால் வெள்ளையாகப் பொடி ஒட்டும். வெயில் பட்டுப்பட்டுப் பிளாஸ்டிக்கின் மேல்தோலே உதிர்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. சரி, இந்தத் தடவை பார்த்துவிடலாம் என்று காரைக் கழுவிப் பளபளப்பாக்கித் தரும் ஒரு டீடெய்லிங் கடைக்குக் கொண்டுபோனேன். "புதுசு மாதிரி ஆக்கித் தரேன் சார்" என்று 600 ரூபாய் வாங்கினார்கள். வெளியே வந்தபோது பம்பர் பளபளவென்று மின்னியது. நாலாவது நாள் ஒரு மழை, அவ்வளவுதான்: பம்பரில் கோடு கோடாக வழிந்து, அதன்மேல் தெருப் புழுதி முழுக்க அப்பிக்கொண்டது. திரும்பப் போய்க் கேட்டால், "மழையில விட்டா அப்படித்தான் சார் போகும்" என்கிறார் ஒருவர். கார் மழையில் போகாமல் வேறெங்கே போகும்? அவர்கள் பூசியது வெறும் சிலிக்கோன் எண்ணெய்.

600 ரூபாயோடு போயிருந்தால் பரவாயில்லை. வழிந்தது போக மிச்ச எண்ணெய் பம்பரின் சொரசொரப்புக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்து, வீடியோக்களில் எல்லோரும் காட்டும் ஹீட் கன், அதாவது கொதிக்கும் காற்றை ஊதும் கருவி. எலக்ட்ரிகல் வேலை செய்யும் நண்பனிடம் இரவல் வாங்கினேன். காட்டக் காட்டச் சாம்பல் நிறம் கறுப்பாக மாறுவதைப் பார்க்க உண்மையிலேயே அவ்வளவு சுகம். கொஞ்சம் புகையும் வந்தது, கவலைப்படவில்லை. நடுவில் போன் அடித்தது, யாரென்று திரும்பிப் பார்த்த அந்தச் சில நொடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு இடம் உருகி வழவழவென்று ஆகிவிட்டது. அந்த வடு இன்றைக்கும் இருக்கிறது. பம்பர் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், 160 டிகிரி வாக்கிலேயே உருகும். ஹீட் கன்னோ 400, 500 டிகிரிக்குக் காற்றை ஊதும். சரி, கறுப்பாவது நின்றதா என்றால் அதுவும் இல்லை, ஒன்றரை மாதத்தில் பழையபடி வெளுத்துவிட்டது.

மூன்றாவதாக, வெளுத்த பிளாஸ்டிக்கைக் கறுப்பாக்கும், சாயம் கலந்த ட்ரிம் ரெஸ்டோரர் ஒரு சின்ன பாட்டில் ஆன்லைனில் வாங்கினேன். ஷாம்பு போட்டுக் கழுவி, காயவைத்துப் பூசினால், தேமல் மாதிரித் திட்டுத் திட்டாக நிற்கிறது. போலிச் சரக்கு என்று திட்டிக்கொண்டே பெயிண்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் காட்டினேன். அவன் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மக் தண்ணீரைப் பம்பர் மேல் ஊற்றினான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. "எண்ணெய் அப்படியே இருக்குண்ணே, இதுமேல எது ஒட்டும்?"

ஆக, முழு வேலையும் அந்த எண்ணெயை எடுப்பதுதான். ஆல் பர்ப்பஸ் கிளீனரும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தேன், பழுப்பாக நுரை வந்தது. கழுவி, மறுபடி தேய்த்து, மறுபடி கழுவி, மூன்று சுற்று. அப்புறம் எண்ணெய்ப் பசையை எடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி. தேமலாக நின்ற பழைய பூச்சும் அதிலேயே பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் உருளாமல் படர்ந்து நனைக்கும்வரை விடவில்லை, நாலு மணி நேரம் போனது, முதுகும் போனது. அதே ரெஸ்டோரரைத் திரும்பப் பூசியது அரை மணி நேரம்கூட இல்லை.

பூசுகிறவர்களுக்கு: பெயிண்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். கையுறை போடுங்கள், நான் போடாமல் கல்யாண வீட்டில் கறுப்பு நகத்தோடு பந்தி பரிமாறினேன். நிழலில் வைத்து, ஸ்பாஞ்சில் சில சொட்டு மட்டும் விட்டு மெல்லிசாக இழுங்கள், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் படக் கூடாது. தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள், அதையும் பின்னால் நாம்தான் உட்கார்ந்து எடுக்க வேண்டும். ஸ்ப்ரே பெயிண்ட் யோசனையும் வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக்கில் அதற்கான பிரைமர் இல்லாமல் பெயிண்ட் நிற்காது, தோல் தோலாக உரியும்.

எட்டு மாதம் ஆகிறது, ஒரு மழைக்காலம் தாண்டியும் கறுப்பு நிற்கிறது. பூசுவதற்காக முன் நம்பர் பிளேட்டைக் கழற்றியபோது பின்னால் வெயிலே படாத ஒரு செவ்வகம், ஷோரூமிலிருந்து வந்த அதே கறுப்பில் அப்படியே இருந்தது. பூசி முடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், என்னுடையது ஒரு இழை மட்டம்தான். பிளேட்டை மாட்டி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டேன்.