ஏழாம் நம்பர் குழாய்

மே மாதம் பிறந்தால் சென்ட்ரலில் ரயில் ஏறும் வேலை எனக்கு வந்துவிடும். வேறு மாநிலத்து மலை ஒன்றில் இரும்புத் தாது சுரங்கம். தாதுவை அரைத்துக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் சேற்றைத் தேக்க, பள்ளத்தாக்கின் குறுக்கே ஓர் அணை. டெய்லிங்ஸ் டேம் என்பார்கள். மழைக்கு முன் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை அரசு ஆய்வாளரோடு அதை நடந்து பார்க்க வேண்டும். அப்புறம் கிண்டி அலுவலகத்துக்கு வந்து அறிக்கை எழுத வேண்டும். பதினாறு வருடமாக இதுதான் என் பணி.

இங்கே யாராவது கேட்டால் செம்பரம்பாக்கத்தை வைத்துத்தான் விளக்குவேன். அந்த ஏரி 24 அடியை நெருங்கினால் மதகைத் திறந்துவிடலாம். சேற்று அணையில் அது நடக்காது. மேலே தெளியும் தண்ணீரை வடித்துக்கொள்ளலாம், சேறு அப்படியே கிடக்கும். சுரங்கம் ஓடும்வரை கரையை உயர்த்திக்கொண்டே போவார்கள். சுரங்கத்தை மூடினாலும் அணை அங்கேயே நிற்கும், அதைக் காக்கும் வேலையும் நிற்கும்.

ஆய்வு என்பது பெரும்பாலும் நடைதான். கரையின் தலையில் விரிசல் தேடுவோம். சேற்றுக்கும் கரை உச்சிக்கும் எத்தனை இடைவெளி என்று அளப்போம். எனக்கு முக்கியம் கரையின் அடிவாரம். அங்கே கசிவு இருப்பது தப்பில்லை, மண் அணை என்றால் கசியும். அது தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதுதான் கேள்வி. கலங்கி வந்தால் கரையின் மண்ணும் கூடவே போகிறது என்று அர்த்தம். அதற்காகவே ஒரு கண்ணாடி பாட்டில் வைத்திருக்கிறேன். பிடித்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அடியில் ஏதாவது படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கசிவு நீர் முக்கோண வெட்டு உள்ள ஒரு பலகை வழியே விழும். வி-நாட்ச் என்று பெயர். அதில் நீரின் உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் போய்விடும். அதனால் அங்கே ஒரு சென்டிமீட்டரைக்கூட அலட்சியமாக விட முடியாது.

மூன்று வருடத்துக்கு முன், மழைக்குப் பிந்தைய ஆய்வை முடித்துத் திரும்பியிருந்தேன். இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பீசோமீட்டர் அளவுகளை வரைபடமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கரைக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று காட்டும் குழாய்கள் அவை.

"சார், ஏழாம் நம்பர் மட்டும் ஆறு மாசமா 11.4 மீட்டர்லயே நிக்குது. மழைக்கு மத்ததெல்லாம் ஏறி இறங்குது. இது மட்டும் எப்படி சார் அசையாம இருக்கும்?"

அந்த அட்டவணையை அவளுக்கு முன்பே நான் பார்த்திருந்தேன். எல்லா எண்ணும் எச்சரிக்கை அளவுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து டிக் போட்டிருந்தேன். ஆய்வின்போது ஏழாம் நம்பர் அருகே சரிவில் புதர் மண்டியிருந்தது. மேலே நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அளவு எடுக்கும் சூப்பர்வைசர் ஓமலூர்க்காரர். போன் செய்தேன். சில நொடி அவர் பேசவே இல்லை.

"ஜூன்லயே அங்க படி சரிஞ்சு போச்சுங்க சார். மழையில ஒத்த ஆளா இறங்க முடியல. பழைய நம்பரையே போட்டுட்டேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை. பிரேசிலின் புரூமாடினோ அணை 2019 ஜனவரி 25 அன்று சரிந்தபோது 270 பேர் செத்தார்கள். சுமார் 86 மீட்டர் உயர அணை, கேமரா பதிவில் சில நொடிகளில் கூழாகிப் போகிறது. சில மாதங்களுக்கு முன்புதான் அதற்கு உறுதிச் சான்று கொடுத்திருந்தார்கள். இத்தாலியின் மலைக்கிராமமான ஸ்தாவாவில் 1985 ஜூலை 19 அன்று மேல் குட்டையின் கரை உடைந்து கீழ்க் குட்டையில் விழ, இரண்டும் சேர்ந்து 268 உயிர்களைக் கொண்டுபோயின. எங்கள் பள்ளத்தாக்கிலும் கீழே ஒரு ஊர் இருக்கிறது. அங்கே டீ குடிக்காமல் நான் மலையேறியதே இல்லை.

மறுநாள் காலை ஆய்வாளருக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கயிறு கட்டி இறங்கி அளந்தோம். 9.6 மீட்டர். அதாவது கரைக்குள் தண்ணீர் 1.8 மீட்டர் ஏறியிருந்தது. எச்சரிக்கை அளவைத் தொடவில்லை, ஆனால் நெருங்கியிருந்தது. காரணம் தேடினால், அடிவார வடிகாலின் வாயைத் துருநிறச் சகதி அடைத்திருந்தது. அதை அள்ளி எடுத்ததும் தண்ணீர் பீறிட்டு வந்தது. பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்திருந்தோம். அடியில் ஒன்றும் படியவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு சீரானது.

அந்த அறிக்கையின் முதல் பரிந்துரை: ஏழாம் நம்பர் குழாய்க்குக் கைப்பிடியோடு சிமெண்ட் படி. அணைப் பாதுகாப்பு அறிக்கையில் படிக்கட்டு எதற்கு என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். ஓமலூர்க்காரர் அங்கே இறங்க வேண்டும் என்று சொன்னேன். என் பழைய டிக்கையும் தேதியோடு குறிப்பிட்டுத் தவறு என்று எழுதினேன். கையெழுத்து அவளும் நானுமாகப் போட்டோம்.

படி கட்ட நான்கு மாதம் ஆனது. அதுவரை வாராவாரம் இரண்டு பேராகக் கயிற்றில் இறங்கி அளந்துவிட்டு, மேலே வந்ததும் அவளுக்குப் போன் செய்வார். "இன்னிக்கு 10.2ங்க மேடம்." அடுத்த வாரம் 10.5. அவள் பென்சிலால் புள்ளி வைப்பாள்.