பாரமாரிபோவிலிருந்து ஒலிம்பிக் வரை

கரீபியன் இறகுப்பந்து என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள சிறு நாடான சூரினாமின் (தலைநகர் பாரமாரிபோ) சோரென் ஓப்டி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அந்த இளைஞர் இருந்த பிரிவில்தான் மலேசியாவின் நட்சத்திர வீரர் லீ சோங் வேயும் இருந்தார். தோற்றது பெரிதில்லை, அங்கே போய் நின்றதுதான் பெரிது!

ஏன் என்றால் ஒலிம்பிக் இடங்கள் பெரும்பாலும் உலகத் தரவரிசையை வைத்தே கிடைக்கும், அந்தக் கணக்கு அப்படி. 52 வாரங்களில் ஆடியவற்றில் சிறந்த 10 போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். நான்கு போட்டிக்கு மட்டும் போக முடிந்தவருக்கு நான்கின் புள்ளிதான். பக்கத்தில் நடக்கும் சர்வதேசப் போட்டிகள் சிலதான். மற்றதற்கெல்லாம் விமானச் செலவு.

பயிற்சியிலும் ஒரு சிக்கல். இறகு ஷட்டில் சீக்கிரம் பிய்ந்துவிடும் என்று பலர் நைலானில் பழகுவார்கள். இறகு ஷட்டில் வேகம் குறைந்து செங்குத்தாக விழும், நைலான் அப்படி விழாது. அதனால் போட்டியில் வலையோர ஆட்டம் தடுமாறும். வெப்பநாட்டில் காற்றின் அடர்த்தி குறைவு, ஷட்டில் வேகமாகப் பறக்கும். அங்கே வேக எண் (எண் கூடினால் வேகம் கூடும்) 75, 76 உள்ள ஷட்டிலை வாங்குவதே சரி. 78 வாங்கினால் பின்கோட்டைத் தாண்டிவிடும். எண் சரியா என்று அறிய, பின்கோட்டிலிருந்து கீழிருந்து மேலாக முழு வீச்சாக அடித்துப் பாருங்கள்: எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. முன்னால் விழவேண்டும்.