தெள்ளுப்பூச்சி குடியிருப்பது நம் வீட்டுத் தரையில்

நாயோ பூனையோ வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நன்றாகக் குளிப்பாட்டினோம், மருந்தும் போட்டோம், இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் தெள்ளுப்பூச்சி வந்துவிட்டதே, மருந்து போலியா?" என்று கேட்பார்கள். மருந்து போலியாக இருப்பது அரிது. விலங்கின் உடம்பில் நாம் காணும் பூச்சிகள் மொத்தத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். மீதி 95 விழுக்காடு முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையிலும் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கிறது. விலங்கை மட்டும் கவனித்துவிட்டுத் தரையை விட்டுவிடுகிறவர்கள் சிக்கலின் பெரும்பகுதியைத் தொடவே இல்லை என்பதை, ஒரு நாட்டு நாயும் இரண்டு பூனைகளும் உள்ள எங்கள் வீட்டின் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்.

முதலில், இருப்பது தெள்ளுப்பூச்சிதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். நம் ஊரில் பலரும் உண்ணியையும் இதையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். உண்ணி எட்டுக் கால் கொண்டது; காதுமடலிலும் விரல் இடுக்கிலும் கடித்தபடியே நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். தெள்ளுப்பூச்சி ஆறு கால் கொண்டது. பக்கவாட்டில் தட்டையான உடலோடு ரோமத்துக்குள் விரைந்து ஓடும், தொட்டால் துள்ளும். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் அதன் எச்சம் காட்டிக்கொடுத்துவிடும். பேன் சீப்பால் வாலின் அடிப்பகுதியையும் கழுத்தையும் வாரி, உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். அது வெறும் அழுக்கானால் கருப்பாகவே இருக்கும். தெள்ளுப்பூச்சியின் எச்சமானால், செரிக்காத இரத்தம் என்பதால், தாளில் செம்பழுப்பாகக் கசியும். வீட்டு மனிதர்களின் கணுக்காலைச் சுற்றி மட்டும் சிறுசிறு தடிப்புகள் வருவதும் ஓர் அறிகுறியே.

நாயின் மேல் இருந்தாலும் பூனையின் மேல் இருந்தாலும், உலகின் பெரும்பாலான வீடுகளில் காணப்படுவது பூனைத் தெள்ளு என்னும் இனம்தான். பெண் பூச்சி விலங்கின் மேல் ஏறி முதல் முறை இரத்தம் குடித்த ஓரிரு நாள்களிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். உச்சத்தில் ஒரு நாளைக்கு 40 முதல் 50 முட்டை வரை இடும். அந்த முட்டைகள் ரோமத்தில் ஒட்டுவதில்லை. நாய் நடக்கும் இடமெல்லாம், குறிப்பாக அது நெடுநேரம் படுத்துறங்கும் இடத்தில், உதிர்ந்துகொண்டே இருக்கும். சில நாள்களில் வெளிவரும் புழு வெளிச்சத்தை விரும்பாது. பாயின் அடியிலும் கால்மிதியின் இழைகளுக்குள்ளும் தரை விரிசலிலும் இறங்கி, மேலிருந்து உதிரும் தாய்ப்பூச்சிகளின் எச்சத்தைத் தின்று வளரும். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இந்தப் புழு காய்ந்து இறந்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் அந்த வறட்சி வீட்டுக்குள் அரிதாகவே அமைவதால், இங்கே ஆண்டு முழுவதும் அதற்கு நல்ல காலம்தான்.

இனி வரும் கூட்டுப்புழுப் பருவத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். வளர்ந்த புழு தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான நூலால் ஒரு கூடு பின்னுகிறது; சுற்றியுள்ள தூசியும் மணலும் அதில் ஒட்டிக்கொள்வதால் நம் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. நாம் அடிக்கும் பூச்சிமருந்து அந்தக் கூட்டுக்குள் சரிவர ஊடுருவாது. சூழ்நிலை சாதகமாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் பூச்சி வெளிவரும். அருகில் உயிர் நடமாட்டம் இல்லையென்றால் மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்கும். நடக்கும் அதிர்வு, உடற்சூடு, நாம் விடும் மூச்சின் கரியமில வாயு ஆகியவைதாம் அதை வெளியே அழைக்கின்றன. கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் கால் முழுக்கக் கடி வாங்குவதற்கு இதுவே காரணம். முறையாக மருந்து போட்ட பிறகும் சில வாரங்கள் புதிய பூச்சிகள் தென்படுவதற்கும் இதுவே காரணம். அவை முன்பே கூட்டுக்குள் இருந்தவை. விலங்கின் மேல் ஏறியதும் மருந்தால் இறந்துபோகும். இந்த இடத்தில் மனம் தளர்ந்து மருந்தை நிறுத்திவிடுவதும், பொறுமையிழந்து அளவை இரட்டிப்பாக்குவதும் தயவுசெய்து வேண்டாம்.

தரை வேலைக்குப் பெரிய செலவு தேவையில்லை. விடாமல் செய்யும் மனம்தான் தேவை. வெறும் டைல்ஸ் தரையில் புழு வாழ்வது கடினம். அது வாழும் இடங்கள் வேறு: கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்த அட்டைப் பெட்டிகள், பழந்துணி மூட்டை, மாடிப்படிக்குக் கீழே நாய் படுக்கும் சாக்கு, சோபா மெத்தைகளின் இடுக்கு, செருப்பு அலமாரியின் பின்புறம், பழைய வீடுகளில் சிமெண்டுத் தரையின் வெடிப்பு, முற்றத்தில் நிழலாகவும் ஈரமாகவும் உள்ள மண். வேக்குவம் கிளீனர் இருந்தால் இவ்விடங்களில் நாள்தோறும் ஓட்டுவது மிக நல்லது. முட்டைகளை அது இழுத்துவிடும், அதன் அதிர்வால் கூட்டுக்குள் இருப்பவையும் வெளிவந்து மருந்துக்கு ஆட்படும். பையை உடனே வெளியே கொண்டுபோய்க் காலிசெய்ய வேண்டும். அந்த இயந்திரம் இல்லாத வீட்டில், பொருள்களை நகர்த்தி மூலைவரை பெருக்கி, குப்பையை அப்போதே உறையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்தினாலும் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். விலங்கு படுக்கும் துணிகளை வாரம் ஒரு முறையாவது 60 டிகிரி வெந்நீரில் துவைத்துக் கடும் வெயிலில் உலர்த்துங்கள். துவைக்க முடியாத சாக்கையும் கந்தல் பாயையும் தயங்காமல் தூக்கி எறிந்துவிடலாம். முன்னேற்றத்தை அறிய, இரவில் ஒரு தட்டில் சோப்பு நீர் ஊற்றி அதன் மேல் சிறு விளக்கை எரியவிட்டால், வெளிச்சத்தையும் சூட்டையும் நோக்கித் துள்ளும் பூச்சிகள் அதில் விழும். பூச்சியை ஒழிக்க அது போதாது. குறைகிறதா இல்லையா என்பதை மட்டும் காட்டும்.

விலங்குக்கான மருந்தைப் பொறுத்தவரை, வீட்டில் உள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்பதே முதல் விதி. ஒன்றை விட்டால் அதன் வழியே முட்டைகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். பிடரியில் சொட்டாக இடும் ஃபிப்ரோனில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாமல் இருப்பது நல்லது. வாய்வழி மாத்திரைகளான அஃபாக்ஸோலனர், சரோலனர் ஆகியவை மாதம் ஒரு முறையும், ஃப்ளூராலனர் ஏறத்தாழ 12 வாரத்துக்கு ஒரு முறையும் நாய்களுக்குத் தரப்படுகின்றன. இவை உண்ணியையும் சேர்த்துக் கொல்வதால் நம் ஊர் நாய்களுக்கு மிகவும் பயனுள்ளவை என்பது என் கருத்து. ஆனால் வலிப்பு வந்த வரலாறு உள்ள நாயென்றால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். எதைத் தேர்ந்தாலும் குறைந்தது மூன்று மாதம் இடைவெளி விடாமல் தொடர வேண்டும். வெறும் குளியல், அது வேப்பிலை நீரானாலும் விலையுயர்ந்த ஷாம்பூவானாலும், அன்றைக்கு உடம்பில் இருப்பவற்றைக் குறைக்குமே தவிர நாளை ஏறப்போகிறவற்றைத் தடுக்காது.

பூனை வளர்ப்பவர்கள் அடுத்து வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். நாய்களுக்கென விற்கும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்குப் பாதுகாப்பான அளவே பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் வரவழைத்து உயிரைப் பறித்துவிடும். அதை இட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கும் ஆபத்து உண்டு. கருப்பு பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரிவரச் சிதைக்க முடியாது. ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அது உள்ளே போய்விடும். மண்ணெண்ணெய் தடவுவது, கற்பூரத்தையோ அந்துருண்டையையோ படுக்கையில் போடுவது, டீ ட்ரீ எண்ணெய் பூசுவது ஆகிய எல்லாமே தீங்கானவை. நல்லெண்ணத்தோடு செய்த இத்தகைய வைத்தியத்தால் ஓர் உயிர் துடிப்பதைக் காண்பதைவிட வேதனை வேறில்லை. தனியார் மருத்துவரிடம் போக வசதி இல்லாத சென்னைவாசிகள், வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடலாம்.

இவ்வளவு பாடும் வெறும் அரிப்புக்காகவா என்று சிலர் கேட்பார்கள். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரு கடியே போதும், வாலடியில் ரோமம் முழுக்க உதிர்ந்து புண்ணாகிவிடும். பூச்சி மிகுந்த பூனைக்குட்டி இரத்தச் சோகையால் இறக்கவும் கூடும். 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோந்த் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் மேல் வாழும் தெள்ளுதான் பிளேக்கைப் பரப்புகிறது என்பதைச் சோதனையால் காட்டினார். அது வேறு இனம். ஆனாலும் கழிவுநீர்க் குழாயோரம் எலி, பெருச்சாளி வளை இருந்தால் அதையும் சேர்த்து அடைத்துவிடுவது அறிவுடைமை.

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் ஆகாது. அவற்றை நாள்தோறும் பேன் சீப்பால் வாரி, சிக்கும் பூச்சிகளைச் சோப்பு நீரில் போட்டுவிட்டு, தாய்க்கு எந்த மருந்து தரலாம் என்று மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். தன்னைத் தானே நக்கும்போது விலங்கு தெள்ளுப்பூச்சியை விழுங்கினால், அதனுள் இருக்கும் நாடாப்புழு குடலில் வளர்ந்துவிடும். மலத்திலோ ஆசனவாயைச் சுற்றியோ வெள்ளரி விதை போன்ற வெண்துண்டுகள் தெரிந்தால் அதுதான். அதற்குப் பிராசிகுவான்டெல் கலந்த குடற்புழு மாத்திரையைத் தெள்ளு மருந்தோடு சேர்த்தே தொடங்கிவிடுங்கள். பூச்சி இருக்கும்வரை நாடாப்புழு திரும்ப வரும் என்பதால், தெள்ளு முற்றிலும் ஒழிந்த பிறகு இன்னொரு முறையும் தரச் சொல்லி மருத்துவர் கூறக்கூடும்.